மலையிலிருந்து சகாய்ங்குக்கு: பர்மாவின் எல்லைப்புறப் பிள்ளைகளும் உறைவிடக் கல்வியும்

ரங்கூனிலோ தட்டோனிலோ வளரும் ஒரு தமிழ்ப் பிள்ளை காலையில் பாட்டியிடம் தமிழில் அடம் பிடித்துவிட்டு, வெள்ளைச் சட்டையும் பச்சை லோஞ்சியும் உடுத்திப் பள்ளிக்குப் போகிறது. வாசலைத் தாண்டியதும் எல்லாம் பர்மிய மொழி. கொடி வணக்கம், வாய்ப்பாடு, நண்பர்களின் கேலி எல்லாமே அந்த மொழியில்தான். மாலையில் வீடு திரும்பினால் மீண்டும் தமிழ், சாம்பார், சாமி விளக்கு. ஒரே நாளில் இரண்டு உலகங்களுக்கு நடுவே போய் வந்துவிடுகிறது.

நாகா மலையின் லாஹே பக்கத்திலிருந்து சமவெளி விடுதிக்கு வந்து படிக்கும் பிள்ளைக்கு அந்தத் தினசரித் திரும்பல் கிடையாது. அது வீட்டுக்குப் போவது பெரும்பாலும் ஆண்டுக்கு ஒரு முறை. இந்தக் கட்டுரை அப்படிப்பட்ட பிள்ளைகளைப் பற்றியது. சிறுபான்மை இனப் பிள்ளைகளை ஊரிலிருந்து அழைத்துவந்து அரசு செலவில் தங்கவைத்துப் படிக்கவைத்தால், கல்வியோடு “நாம் ஒரு நாடு” என்ற உணர்வும் வளரும் என்பது பல நாட்டு அரசுகள் கைக்கொண்ட எண்ணம். பர்மாவில் அது எப்படி நடைமுறைக்கு வந்தது, எந்த இடத்தில் பலன் தருகிறது, எந்த இடத்தில் சறுக்குகிறது என்று பார்ப்போம்.

முதலில் ஒரு சொல்: தைங்யின்தா. “மண்ணின் இனத்தார்” என்று தமிழில் சொல்லலாம். 1982 குடியுரிமைச் சட்டப்படி கச்சின், கயா, கரேன், சின், பர்மன், மோன், ரக்கைன், ஷான் ஆகியோரும், 1823க்கு முன்பே இந்நாட்டில் நிலையாகக் குடியிருந்ததாக ஏற்கப்பட்ட பிற குழுக்களும் தைங்யின்தா. அரசின் பட்டியலில் மொத்தம் 135 இனங்கள். தமிழர் அதில் இல்லை. தைங்யின்தா பிள்ளைகளுக்கென்றே தொடங்கப்பட்டவை என்பதால் இந்தப் பள்ளிகளின் கதவு நமக்கானதல்ல. ஆனாலும் அவற்றுக்குள் நடப்பது நமக்கு நன்றாகவே புரியும், ஏனென்றால் மொழிச் சிக்கல் இருவருக்கும் பொது.

எப்படித் தொடங்கியது

1947 பிப்ரவரி 12 அன்று பாங்லாங்கில் ஷான், கச்சின், சின் தலைவர்கள் பர்மிய விடுதலைத் தலைவர் ஆங் சானோடு ஒப்பந்தம் செய்தார்கள். அந்த நாள்தான் இன்றும் ஒன்றிய நாளாகக் கொண்டாடப்படுகிறது. 1948 ஜனவரி 4 அன்று விடுதலை வந்தது. ஆனால் சில ஆண்டுகளுக்குள்ளேயே பல இனங்கள் ஆயுதம் ஏந்தின. 1962இல் ஆட்சியைப் பிடித்த ராணுவத் தளபதி நே வினின் அரசு, எல்லைப்புறத்தை ராணுவத்தால் மட்டும் கட்டிப் பிடிக்க முடியாது என்று கணக்குப் போட்டது. மலையிலிருந்து இளைஞர்களைக் கொண்டுவந்து ஆசிரியர்களாக்கி, அவர்களையே மலைக்குத் திருப்பி அனுப்பினால் பாடமும் போகும், ஒன்றிய உணர்வும் கூடவே போகும் என்பது திட்டம். அதற்காக 1964இல் தேசிய இனங்கள் மேம்பாட்டுக் கழகம் தொடங்கப்பட்டது. சகாய்ங் பகுதியில் ஐராவதி ஓரத்து யுவாதிட்ஜியில் அது நிலைகொண்டது. 1991இல் பல்கலைக்கழகமாக உயர்ந்தது.

அடுத்த அலை 1989க்குப் பிறகு வந்தது. வடக்கிலும் கிழக்கிலும் இருந்த சில ஆயுதக் குழுக்களோடு அரசு போர்நிறுத்தம் செய்துகொண்டது. உடனே எல்லைப்புற வளர்ச்சித் திட்டம் தொடங்கி, அதற்கென ஒரு அமைச்சகமும் வந்தது. பர்மியப் பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்து மக்கள் அதை நா-த-லா என்கிறார்கள். அந்த அமைச்சகம் எல்லைப்புற ஊர்களில் நடத்தும் உறைவிடப் பள்ளிகளும் அதே பெயரில்தான் பேச்சில் வழங்குகின்றன. சின் மலையில் யாரிடமாவது “நா-த-லா பையன்” என்று சொன்னால் போதும், விளக்கம் கேட்க மாட்டார்கள்.

அந்தக் காலத்து ராணுவ அரசு தேசியக் கடமைகள் மூன்று என்று ஒரு வாசகத்தை எங்கும் எழுதிவைத்தது: ஒன்றியம் சிதையாதிருத்தல், இன ஒற்றுமை குலையாதிருத்தல், இறையாண்மை நிலைத்திருத்தல். செய்தித்தாளிலும் பெரும் பலகைகளிலும் இது இருந்தது. உறைவிடப் பள்ளிகள் இந்த மூன்றையும் பிள்ளையின் அன்றாட வாழ்க்கையாக்க முயன்றன.

பெற்றோர் ஏன் அனுப்புகிறார்கள்

இதைத் திணிப்பு என்று மட்டும் சொல்லிவிட்டு நகர்ந்துவிடக் கூடாது. மலை ஊர்களில் தொடக்கப் பள்ளி இருந்தாலும் உயர்நிலைப் பள்ளி அருகில் இருக்காது. மேலே படிக்க வேண்டுமென்றால் எப்படியும் வீட்டை விட்டுத்தான் போக வேண்டும். அப்படிப் போவதற்கு நான்கு வழிகள் உண்டு. நகரத்துத் தனியார் விடுதி, அதாவது பாடா. இதற்குக் காசு வேண்டும். தேவாலயம் நடத்தும் விடுதி. சின், கச்சின், லிசு பிள்ளைகள் பலர் இதில் இருக்கிறார்கள். பௌத்த மடப் பள்ளி; மாண்டலேயில் 1993இல் தொடங்கிய பாவுங் டோ ஊ மடப்பள்ளிக்கு எல்லைப்புறங்களிலிருந்து சாமனேரர்களாக, அதாவது இளம் துறவிகளாக, வந்து படிக்கும் சிறுவர்கள் ஏராளம். நான்காவதுதான் அரசு உறைவிடப் பள்ளி. அங்கே சோறு, உடை, கட்டில், புத்தகம் எல்லாம் இலவசம், படித்து முடித்தால் அரசு வேலைக்கும் வழி. மக்காச்சோளமும் மலைநெல்லும் விளைவிக்கும் ஒரு குடும்பம் இந்தக் கணக்கில் எதைத் தேர்ந்தெடுக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

இன்னொரு பலனும் உண்டு. சின் மலையில் இரண்டு பள்ளத்தாக்கு தள்ளிப் போனால் மொழி மாறிவிடும். நாகா ஊர்களிலும் அப்படித்தான். ஹாக்காக்காரனும் பலெட்வாக்காரனும் சந்தித்தால் பேசிக்கொள்ளப் பெரும்பாலும் பர்மிய மொழிதான் கை கொடுக்கிறது. ஆக, பொது மொழி ஒன்றைக் கற்பதில் அந்தப் பிள்ளைகளுக்கே சொந்த லாபம் இருக்கிறது.

மொழிக் கணக்கு

மற்றவற்றைவிட இதை நிதானமாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் பெரும்பாலான தோல்விகள் இங்கேதான் தொடங்குகின்றன.

இரண்டாம் மொழியில் படிக்கும் பிள்ளைகளைப் பற்றிக் கனடாவின் ஜிம் கம்மின்ஸ் செய்த ஆய்வுகள் ஒரு பயனுள்ள அளவைத் தருகின்றன. விளையாட்டு மைதானத்துப் பேச்சு பிடிபட ஏறக்குறைய 2 ஆண்டுகள் போதும். பாடப் புத்தக மொழி, அதாவது காரணம் சொல்லவும் ஒப்பிடவும் கட்டுரை எழுதவும் வேண்டிய மொழி, வயதொத்த மற்றப் பிள்ளைகளுக்கு இணையாக வர 5 முதல் 7 ஆண்டுகள் ஆகும். இப்போது கூட்டிப் பாருங்கள். 11 வயதில் ஆறாம் வகுப்பில் விடுதிக்கு வரும் மலைப் பிள்ளை பள்ளி இறுதித் தேர்வு எழுதும்போது 17 வயது. ஏறக்குறைய 6 ஆண்டு. பாடமொழி கைக்குள் வரும் அதே நேரத்தில் தேர்வு வந்து நிற்கிறது. இரண்டாம் ஆண்டிலேயே சரளமாகப் பேசும் பையனைப் பார்த்து ஆசிரியர் “இவனுக்கு மொழி வந்துவிட்டது, மண்டைதான் இல்லை” என்று முடிவு கட்டிவிடுவார். இங்கே தவறு செய்தவர் ஆசிரியர்.

பர்மிய மொழியில் இன்னொரு தடையும் உண்டு. தமிழருக்கு இதை எளிதாக விளக்கலாம். நமக்கு எழுத்துத் தமிழ், பேச்சுத் தமிழ் இருப்பதுபோல பர்மிய மொழிக்கும் இரண்டு நடை. பேச்சில் “தே” என்று முடியும் வாக்கியம் புத்தகத்தில் “தீ” என்று முடியும். வேற்றுமை உருபுகளும் இணைப்புச் சொற்களும் மாறும். ரங்கூனில் பர்மியக் குடும்பத்தில் பிறந்த பிள்ளைக்கு இதில் ஒன்று தாய்மொழி. மலைப் பிள்ளைக்கு இரண்டுமே அந்நியம். ஒரே பாடத்துக்கு அது இரண்டு மொழி கற்கிறது என்றே சொல்லலாம்.

எல்லா இனத்துக்கும் தடை ஒரே இடத்தில் இல்லை. சின், கச்சின், நாகா மொழிகளில் பர்மிய மொழியைப் போல, தமிழைப் போல, வினை வாக்கியத்தின் கடைசியில் வரும். ஷான், மோன், கரேன் மொழிகளில் வினை நடுவில் வந்துவிடும். அந்தப் பிள்ளைகள் வாக்கியத்தையே தலைகீழாக்கி யோசிக்க வேண்டும். நம் பிள்ளைகளுக்கு வாக்கிய அமைப்பில் சிக்கல் இல்லை, ஒலியில்தான் சிக்கல்: க-வுக்கும் மூச்சுச் சேர்ந்த க-வுக்கும் பொருள் மாறும், தொனி மாறினாலும் பொருள் மாறும். எந்தப் பிள்ளைக்கு எது கடினம் என்று தெரியாமல் எல்லோரையும் ஒரே வகுப்பில் ஒரே வேகத்தில் ஓட்டுவது ஆசிரியரின் நேரத்தையும் வீணாக்குகிறது.

சீனா இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறது. 2000இல் சின்ஜியாங் மாணவர்களை உள்நாட்டின் 12 நகரங்களுக்கு அழைத்துவந்து உயர்நிலைக் கல்வி கொடுக்கத் தொடங்கியபோது, மூன்றாண்டுப் படிப்புக்கு முன்னால் ஓர் ஆயத்த ஆண்டைச் சேர்த்தார்கள். அந்த ஆண்டில் மொழியும் அடிப்படைப் பாடங்களும் மட்டும். அத்திட்டத்தின் அரசியல் நோக்கத்தைப் பற்றி எத்தனையோ குறை சொல்லலாம். ஆயத்த ஆண்டு என்ற ஏற்பாடு மட்டும் சரியானது. பர்மாவில் ஆறாம் வகுப்புக்கு வரும் பிள்ளைக்கு அப்படி ஓராண்டு கொடுத்தால் மேலே சொன்ன கணக்கு 7 ஆகிவிடும்.

விடுதி வாழ்க்கையில் எது முதலில் உடைகிறது

வெப்பம். சின் மலையின் குளிரில் வளர்ந்த பிள்ளைக்கு, ஏப்ரலில் 40 டிகிரியைத் தாண்டும் சகாய்ங் வறண்ட நிலத்தில் முதல் கோடை கடுமையாக இருக்கும். அடுத்து சோறு. சபுத்தி என்ற மக்காச்சோளக் கஞ்சியில் வளர்ந்த வயிறு, வேளைக்கு வேளை வெள்ளைச் சோறும் ஙாப்பி என்ற புளித்த மீன் விழுதும் என்றால் சிறிது காலம் முரண்டு பிடிக்கும். இவை சின்னச் சின்ன விஷயங்கள், நாளடைவில் சரியாகிவிடும். நாள்காட்டி சரியாகாது.

பர்மியப் பள்ளி ஆண்டு ஜூனில் தொடங்கி பிப்ரவரி, மார்ச்சில் தேர்வோடு முடியும். மலை இனங்களின் பெரிய நாட்கள் எங்கே விழுகின்றன என்று பாருங்கள்: கிறிஸ்துமஸ் டிசம்பர் 25, கச்சின் மாநில நாள் ஜனவரி 10, நாகா புத்தாண்டு ஜனவரி 15, சின் தேசிய நாள் பிப்ரவரி 20. எல்லாம் தேர்வு நெருங்கும் மாதங்களில். விடுதிப் பிள்ளைக்கு அந்த நேரத்தில் வீட்டுக்குப் போக வழியில்லை. விடுமுறை கிடைப்பது மார்ச்சிலிருந்து மே வரை. அப்போது ஊரில் திருவிழா எல்லாம் முடிந்து காட்டை எரித்து விதைக்கும் வேலை நடக்கும். ஜூனில் மழை பிடித்தால் மலைப் பாதை வழுக்கி அடைபடும். ஆறு ஆண்டு விடுதியில் இருந்தவன் ஆறு முறை தன் இனத்தின் புத்தாண்டைத் தவறவிட்டிருப்பான். பாட்டு மறக்கும், முறைப் பெயர்கள் மறக்கும். யாரும் தடை விதிக்கவில்லை, நாள்காட்டியே போதுமானதாக இருந்தது.

இதற்குப் பதிலாகப் பள்ளி என்ன தருகிறது? ஒன்றிய நாளில் ஒவ்வோர் இனத்தின் உடையும் உடுத்தி மேடையில் ஆட வைக்கிறது. அழகாகத்தான் இருக்கும். ஆனால் மொழியும் வேளாண்மையும் வழக்காறும் வெளியே நிற்க, பண்பாடு என்பது தறியில் நெய்த ஒரு துணியாகவும் ஐந்து நிமிட நடனமாகவும் சுருங்கிவிடுகிறது. தீபாவளிக்கு ஒரு பள்ளி மேடையில் கும்மி அடித்தால் தமிழ் வாழ்கிறது என்று நாம் ஒப்புக்கொள்வோமா?

மதம் இன்னும் கூர்மையான இடம். சின் மாநிலத்தில் பெரும்பான்மையோர் கிறிஸ்தவர்கள். நா-த-லா பள்ளிகளில் சின் பிள்ளைகள் தேவாலயம் போக விடப்படவில்லை, பௌத்த வழிபாட்டில் கலந்துகொள்ள வற்புறுத்தப்பட்டார்கள், சிலருக்குத் தலை மழிக்கப்பட்டது என்று சின் மனித உரிமை அமைப்பு 2012இல் அறிக்கை வெளியிட்டது. இலவசப் படிப்பு என்பதால் மறுத்துப் பேசும் பலம் பெற்றோருக்கு இல்லை. வேறு பள்ளி இல்லாத ஊரில் இலவசமே ஒரு நெருக்கடியாகிவிடுகிறது.

நாட்டுணர்வு உண்மையில் வளர்கிறதா

சில சமயம் வளர்கிறது. வா இனத்துப் பையனும் மோன் பெண்ணும் ஒரே உணவுக் கூடத்தில் ஆறு ஆண்டு உட்கார்ந்தால் நட்பு வராமல் போகாது. திரும்பிப் போய் ஆசிரியராகும் லிசு இளைஞன் தன் ஊர்ப் பிள்ளைகளுக்கு, சமவெளியிலிருந்து வந்து முதல் மழையிலேயே மாற்றல் கேட்கும் ஆசிரியரைவிட நிச்சயம் மேல். யுவாதிட்ஜி ஏற்பாட்டில் பாராட்ட வேண்டிய பகுதி இதுதான்.

ஆனால் எதிர்பாராத ஒன்றும் நடக்கும். ஊரில் இருந்தவரை தான் எந்தக் குலம், எந்த ஊர் என்று மட்டும் அறிந்திருந்த பிள்ளை, விடுதியில் மற்ற ஊர்ப் பிள்ளைகளோடு சேர்ந்து, சமவெளிக்காரரின் கேலியையும் வாங்கியபின், “நாம் எல்லோரும் நாகா” என்று உணரத் தொடங்குகிறது. அமெரிக்காவில் 1879இல் தொடங்கிய கார்லைல் பள்ளி செவ்விந்தியப் பிள்ளைகளை வெள்ளையராக்கவே முயன்றது. அப்படிப்பட்ட உறைவிடப் பள்ளிகளில் படித்தவர்கள் பலர்தான் 1911இல் எல்லாப் பழங்குடியினருக்கும் பொதுவான சங்கம் கண்டார்கள். கலைக்க நினைத்த அடையாளத்தைப் பள்ளியே விரிவாக்கிக் கொடுத்தது.

கனடாவின் கதை இன்னும் கொடியது. ஏறக்குறைய 1,50,000 பழங்குடிப் பிள்ளைகள் உறைவிடப் பள்ளிகளுக்கு எடுத்துச் செல்லப்பட்டார்கள். 2008இல் அரசு மன்னிப்புக் கேட்டது. 2015இல் விசாரணை ஆணையம் அதைப் பண்பாட்டு இனஅழிப்பு என்றே பெயரிட்டது. பர்மாவின் பள்ளிகளை அதே தராசில் வைக்க வேண்டியதில்லை. தாய்மொழி பேசினால் தண்டனை, பெற்றோரைப் பார்க்கத் தடை என்ற இரண்டும் சேர்ந்தால் எங்கே போய் முடியும் என்பதற்கு அது எச்சரிக்கை.

வேறு வழி இருக்கிறதா என்றால், மோன் மக்கள் செய்துகாட்டியிருக்கிறார்கள். 1995 போர்நிறுத்தத்துக்குப் பின் விரிவடைந்த மோன் தேசியப் பள்ளிகளில் தொடக்க வகுப்புகள் மோன் மொழியில் நடக்கும், பர்மிய மொழி ஒரு பாடம். நடுநிலையில் பயிற்று மொழி படிப்படியாக பர்மிய மொழிக்கு மாறும். அதனால் மாணவர் அரசுத் தேர்வையும் எழுத முடியும். பிள்ளை இரவில் வீட்டில் தூங்கும், தேர்விலும் உட்காரும். 2014 தேசியக் கல்விச் சட்டமும் தொடக்க நிலையிலிருந்து இன மொழிகளைக் கற்பிக்க மாநில அரசுகளுக்கு இடம் கொடுத்தது. 2021 ராணுவப் புரட்சிக்குப் பின் நாட்டின் பள்ளிகளே குலைந்து கிடப்பதால் அந்த ஏற்பாடு எந்த ஊரில் எவ்வளவு நடக்கிறது என்பது அந்தந்த ஊர் நிலவரத்தைப் பொறுத்தது.

சேர்க்கும் முன் பார்க்க வேண்டியவை

அரசு விடுதியோ, தேவாலய விடுதியோ, மாவட்டத் தலைநகரில் பாடாவோ, தொலைவில் பிள்ளையை விடும் எவருக்கும் இவை பொருந்தும். கிராமத்துத் தமிழ்க் குடும்பங்கள் ரங்கூனில் பிள்ளையைப் படிக்கவைக்கும்போதும்தான்.

காகிதத்தில் பெயர் ஒன்றுபோல் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பிறப்புப் பதிவு, 66/6 குடும்பப் பட்டியல், 10 வயதில் எடுக்கும் அடையாள அட்டை, பள்ளி மாற்றுச் சான்று ஆகிய நான்கிலும் பர்மிய எழுத்துக்கூட்டு ஒத்திருக்க வேண்டும். பர்மிய உச்சரிப்பில் “ர” பெரும்பாலும் “ய” ஆகும், சொல் இறுதி மெய் விழுங்கப்படும். அதனால் ராமனும் சின் பையனின் நான்கசைப் பெயரும் ஒவ்வோர் அலுவலகத்திலும் ஒவ்வொரு விதமாக எழுதப்படும். பள்ளியில் சூட்டும் பர்மியப் பெயர் வீட்டுப் பெயரோடு சேராமல் ஏழாண்டு ஓடிவிட்டால், பள்ளி இறுதித் தேர்வுப் பதிவின்போது அதைத் திருத்த வழக்கறிஞர் உறுதிமொழி வரை போக வேண்டியிருக்கும்.

விடுதியில் பிள்ளையின் மொழி பேசும் பெரியவர் ஒருவராவது இரவில் தங்குகிறாரா என்று கேளுங்கள். காய்ச்சலில் கிடக்கும் 11 வயதுப் பிள்ளை பர்மிய மொழியில் எங்கே வலிக்கிறது என்று சொல்லாது. ஒரே ஊரிலிருந்து ஒரே பிள்ளையாக அனுப்பாமல் இரண்டு மூன்று பேராகச் சேர்த்து அனுப்பினால் முதல் மூன்று மாதம் சுலபமாகக் கழியும். ஓடிவந்துவிடும் பிள்ளைகள் பெரும்பாலும் அந்த மூன்று மாதத்தில்தான் ஓடிவருகிறார்கள்.

தாய்மொழியில் எழுதப் படிக்கத் தெரிந்தபின் அனுப்புவது நல்லது. கச்சின், சின் மொழிகள் ரோமன் எழுத்தில் எழுதப்படுகின்றன. ஞாயிறு பள்ளியில் அந்த எழுத்தைக் கற்ற பிள்ளை வீட்டுக்குக் கடிதம் எழுதும், வேதப் புத்தகம் வாசிக்கும், மொழி கையை விட்டுப் போகாது. நம் கோயில்களில் ஏப்ரல், மே விடுமுறையில் நடக்கும் தமிழ் வகுப்புக்கும் இதுவே பயன். எழுத்து தெரியாமல் போன பிள்ளைக்கு மூன்றாம் ஆண்டில் தாய்மொழி வெறும் சமையலறைப் பேச்சாகிவிடும்.

கடைசியாக, ஊருக்குத் திரும்பும் செலவு யாருடையது? சேர்க்கும்போது வண்டியில் ஏற்றிக்கொண்டு போவார்கள். மார்ச்சில் விடுதி மூடும்போது மலைவரை திரும்ப இரண்டு பேருந்து, ஒரு படகு, அதற்குப் பிறகு நடை. அந்தப் பணம் பள்ளிக் கணக்கில் இருக்கிறதா, அப்பா சோளத்தை விற்று அனுப்ப வேண்டுமா என்று சேரும் நாளிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.